நான்கு மணிக்குச் செத்துப்போகும் டெலிபோன்

அத்தியாயம் 4

துப்பறிவாளர் அப்பாசாமியின் அலுவலகத்தில் டெலிபோன் கிடையாது. ரகசியத் தொழில் செய்கிறவனுக்கு அது ஆகாது என்று அவர் வருகிறவர்களிடம் சொல்லுவார். மனுப் போட்டு இரண்டு வருஷமாகியும் இலாகாவிலிருந்து பதிலே வரவில்லை என்பது அவருடைய உதவியாளர் சந்திரமதிக்கு மட்டும் தெரியும்.

சந்திரமதி ஆறு வருஷம் டவுன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து 'நம்பர் ப்ளீஸ்' சொன்னவள். லைன் கிடைக்கவில்லை என்று ஒரு துரை ஒருநாள் அவளை ஆங்கிலத்தில் திட்டினார். அவள் அதைவிட நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அதோடு வேலை போயிற்று. இப்போது காஜா பெராங் பேட்டையில், காப்பித்தூள் மில்லுக்கு மேலே இருந்த இந்த ஒற்றை அறையில், அப்பாசாமி சொல்லச் சொல்ல டைப் அடிப்பதும் அவர் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதும் அவள் வேலை.

1957 ஜூலை இருபத்தைந்தாம் தேதி, வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு நாகம்மா படியேறி வந்தாள். முப்பது வயதிருக்கும். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எம் புருஷன் மருதமுத்து, டெலிபோன் லைன்மேன். மூணு மாசத்துக்கு முன்னாடிதான் மூவார்லேருந்து இங்க மாத்திவிட்டாங்க. செவ்வாக்கெழம புடிச்சி உள்ள வச்சிட்டாங்க. நாளைக்குக் காலையில லாரியில ஏத்தி கேம்புக்குக் கொண்டு போறாங்களாம்யா. விசாரணையே கெடையாதாம். அவசர காலச் சட்டமாம்."

"என்ன குற்றம்?" என்றார் அப்பாசாமி.

"கம்பியை வெட்டுனாராம். காட்டுக்குள்ள இருக்க கம்யூனிஸ்ட்டுங்களுக்கு உளவாம்." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எலிப்பொறி வைக்கவே பயப்படுற மனுசன்யா அவரு."

விஷயம் இதுதான். காஜா பெராங்கில் லாரிக் கம்பெனி முதலாளி கணேசமூர்த்தியின் வீட்டு டெலிபோன் மூன்று வாரமாகத் தினமும் மாலை நாலு மணிக்குச் செத்துப்போகிறது. முக்கால் மணி நேரம் கழித்துத் தானாகவே உயிர் பெறுகிறது. புகார் போனது. மருதமுத்து மூன்று தடவை காலை வேளையில் போய்ச் சோதித்து, பழுது எதுவும் இல்லையென்று எழுதிக்கொடுத்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நாலாவது தடவை, வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவன், பழுதைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நாலு மணிக்குக் கம்பத்தில் ஏறினான். கையும் களவுமாகப் பிடிபட்டது அவன்தான்.

"கீழ போன் செத்துக் கெடக்கு. இவரு கையில குறடோட கம்பத்துல நிக்கிறாரு. வேற என்ன சாட்சி வேணும்னு கேக்குறாங்க. முதலாளியும், 'எனக்கு எதிரிங்க இருக்காங்க, கம்பியை வெட்டுறாங்க'ன்னு முன்னாடியே சொல்லி வச்சிட்டாராம்."

அப்பாசாமி கண்ணை மூடிக்கொண்டார். யோசிக்கிறபோதும் தூங்குகிறபோதும் அவர் முகம் ஒரே மாதிரி இருக்கும்.

"தினமும் நாலு மணி. தவறாம. காட்டுக்குள்ள இருக்கிறவன் இவ்வளவு ஒழுங்காவா வேலை பார்ப்பான்?"

"கவர்மெண்டு ஆளும் பார்க்கமாட்டான் சார்," என்றாள் சந்திரமதி. "மருதமுத்து குற்றவாளி இல்லைங்கிறதுக்கு அதுவே போதும்."

நாகம்மா போன பிறகும் அறையில் காப்பித்தூள் வாசனையோடு அவளுடைய பயமும் கொஞ்சம் நின்றது. சந்திரமதி தொப்பியை எடுத்து அப்பாசாமியின் கையில் கொடுத்தாள். அவர் யோசித்தது போதும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

கணேசமூர்த்தியை ஊருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே தெரியப்படுத்திக்கொள்வார். மலாய் நாட்டுச் சுதந்திர விழா வரவேற்புக் குழுவுக்குத் தலைவர். ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி மாலை, நகரத்து மேடையில் இந்தியர் சார்பில் அவர்தான் பேசப் போகிறார். போன மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த கூட்டத்தில் தமிழைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். பேச்சின் நடுவே, நாலு தெரு தள்ளியிருக்கும் செட்டிக் கம்போங் என்ற குடியிருப்பின் பக்கம் கையை நீட்டினார். பல நூறு வருஷத்துக்கு முன் வந்து குடியேறிய தமிழர்களின் வாரிசுகள் அங்கே இருப்பவர்கள். கோயிலும் பெயரும் நம்முடையவை, வீட்டில் பேசுவது மலாய். "பெயரில் மட்டும் தமிழர்கள்! வாயைத் திறந்தால் வேற்றுமொழி! தாயை மறந்த கூட்டம்!" என்று முழங்கினார். கைதட்டல் ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று என்று கூட்ட அறிக்கை சொன்னது. அறிக்கையை எழுதியதும் அவரே.

மாலை மூன்றரை மணிக்கு அப்பாசாமியும் சந்திரமதியும் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் கூடத்தில் இருந்தார்.

"என்னைப் பேசவிடாம செய்யணும்னு ஒரு சதி," என்றார் கணேசமூர்த்தி. "டெலிபோனை வெட்டினா கணேசமூர்த்தி ஓஞ்சிடுவான்னு நினைக்கிறாங்க. சுதந்திரம்னா சும்மாவா? விலை குடுக்கணும்."

"விலையை மருதமுத்து குடுக்கிறாரு போலிருக்கு," என்றாள் சந்திரமதி.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. விழா வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, யாரும் கதவைத் தட்டக் கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மாடியேறினார்.

மனைவி கமலவேணி அவரைப் போல அல்ல; கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். சிரம்பானில் இருக்கும் தங்கை நாலு மணிக்குத்தான் கூப்பிடுவாள். மூன்று வாரமாகத் தங்கையின் குரலைக் கேட்கவில்லை. அதனால் புகார் செய்தவள் அவள்தான்.

"லைன்மேனைப் புடிச்ச பிறகும் இப்படித்தான் இருக்கு. நேத்தும் நாலு மணிக்குச் செத்துப்போச்சு. இன்ஸ்பெக்டர்கிட்டச் சொன்னேன். அப்ப ஒரு கூட்டாளியும் இருக்கான்னு எழுதிக்கிட்டாரு."

"பிரமாதம்," என்றாள் சந்திரமதி. "மருதமுத்து வெளியில இருந்தா அவர் வெட்டுறாரு. உள்ள இருந்தா கூட்டாளி வெட்டுறான். இன்னும் ரெண்டு நாள் போனா நாகம்மா வெட்டுவா."

அப்பாசாமி கோட்டைக் கழற்றினார்.

"இதுக்கு ஒரு முறை இருக்கு. கிட்டேயிருந்து தூரத்துக்குப் போகணும். முதல்ல கருவி. அப்புறம் அதோட கயிறு. அப்புறம் சுவர்ப்பெட்டி. அப்புறம் வாசல் கம்பம். இதெல்லாம் சரின்னாதான் ஊரு, உலகம், கம்யூனிஸ்ட். இவங்க கம்யூனிஸ்ட்லேருந்து ஆரம்பிச்சிட்டாங்க."

மேஜை மேலிருந்த கறுப்பு டெலிபோனை எடுத்தார். 'நம்பர் ப்ளீஸ்' என்று குரல் வந்தது. நன்றி சொல்லி வைத்தார். கயிற்றை அங்குலம் அங்குலமாக விரலால் தடவினார். எங்கும் கடிபடவில்லை, நைந்து போகவில்லை. மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்ச் சுவர்ப்பெட்டியின் மூடியைத் திறந்தார். திருகாணிகள் இறுக்கமாக இருந்தன. திரும்பி வரும்போது தலையை மேஜையில் இடித்துக்கொண்டார்.

"அது பழுது கணக்கில வராது சார்," என்றாள் சந்திரமதி.

கூடத்துக் கடிகாரம் நாலு அடித்தது. நாலு ஐந்துக்குக் கமலவேணி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். அப்படியே அப்பாசாமியிடம் நீட்டினாள்.

அவர் அதற்குள் ஊதினார். நல்ல லைனில் ஊதினால் தன் மூச்சு தன் காதிலேயே கேட்கும். இதில் எதுவும் கேட்கவில்லை. வாசலுக்கு ஓடினார். கம்பத்தில் ஒரு காக்கை மட்டும் இருந்தது. அது அவரைப் பார்த்தது. குறடு எதுவும் அதன் வாயில் இல்லை.

"நான் வெளியிலேருந்து பார்க்கிறேன் சார்," என்று சந்திரமதி கிளம்பினாள். "உள்ளேயிருந்து கூப்பிட முடியலைன்னா, வெளியிலேருந்து இங்கே கூப்பிட முடியுதான்னு யாராவது பார்த்தாங்களா?"

முக்குச் சீனர் மருந்துக் கடையில் டெலிபோன் இருந்தது. எக்ஸ்சேஞ்சை எடுத்ததும் வந்த குரல் அவளோடு ஆறு வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்த அலமேலுவுடையது.

"அலமேலு, நான் சந்திரமதி. கணேசமூர்த்தி வீட்டு நம்பர், நாலு ரெண்டு ஏழு குடு."

ஒரு கணம். "எங்கேஜ்ட்."

சந்திரமதிக்கு முதுகு நிமிர்ந்தது. "நல்லாப் பாத்தியா?"

"இதைச் சொல்லித்தானே சம்பளம் வாங்குறேன்? யாரோ பேசிக்கிட்டிருக்காங்க. மூணு வாரமா இந்த நேரத்துல அந்த லைன் இப்படித்தான். கேக்கிறவங்களுக்கெல்லாம் எங்கேஜ்டுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. சிரம்பான்லேருந்து ஒரு அம்மா தினமும் கேட்டுட்டு வைக்கிறாங்க."

"போலீஸ் உன்கிட்ட இதைக் கேட்கலையா?"

"என்கிட்டயா? போலீஸ் வந்து மேலதிகாரியைக் கேட்டுச்சு. அவர் ஸ்விட்ச்போர்டுப் பக்கம் வந்தே நாலு மாசமாச்சு."

"யாரோட பேசுறாங்க?"

"அதைச் சொல்லக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? உன் வேலை போனது போதாதா, என் வேலையும் போகணுமா?" லைன் நின்றது.

சந்திரமதி நடக்கவில்லை, ஓடினாள். புடவைக் கரையெல்லாம் சேறு. வெட்டின கம்பி மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும். ஆனால் போர்டில் உட்காருகிற பெண்ணிடம் போய்க் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அதனால் ஒருவன் லாக்கப்பில் இருக்கிறான்.

"சார், லைன் எங்கேஜ்ட்!" என்றாள் மூச்சிரைக்க. "அறுந்த கம்பியில யாரும் பேச முடியாது. லைன் சாகல. இந்தக் கூடத்துப் போன் மட்டும்தான் செத்திருக்கு. வேற ஏதோ ஒரு போன்லேருந்து இதே லைன்ல ஆள் பேசிக்கிட்டிருக்கு."

அப்பாசாமிக்கு ஆச்சரியமே இல்லை. குடையின் நுனியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நானும் சும்மா இல்லம்மா. இங்கே பாரு. பெட்டியிலேருந்து மேலே ஒரு கோடு போகுது. வெள்ளையடிச்சவன் கம்பியைக் கழட்டாம அதுக்கு மேலேயே அடிச்சிட்டான்."

சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளே பழுப்பு நிறக் கம்பி. நேராகக் கூரைப் பலகைக்குப் போய் மாடிக்குள் நுழைந்தது.

கமலவேணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரப்பர் வியாபாரம் பண்ணின துரை ஒருத்தர்கிட்டேருந்து வாங்கின வீடு இது. அவர் காலத்துல மாடியிலயும் ஒரு போன் இருந்துச்சு. அதைத் திருப்பிக் குடுத்துட்டேன்னு இவரு சொன்னாரு." பிறகு மெதுவாக, "என்கிட்டயே சொன்னாரு," என்றாள்.

மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறினார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் கணேசமூர்த்தியின் குரல் தாழ்ந்து ஒலித்தது. மேடையில் கேட்கும் குரல் இல்லை அது.

"பெர்சுவங்கான்... பெர்சுவாங்கான்... டாரா... கொர்பான்..."

அப்பாசாமி சந்திரமதியின் காதருகே குனிந்தார். "போராட்டம். இரத்தம். பலி. மலாயில பேசுறான். இவன்தான்ம்மா உள்ளாள்! லைன்மேன் இல்ல, முதலாளியே! எங்கேயோ இரத்தம் சிந்தப் போகுது!"

சந்திரமதி விரலை உதட்டில் வைத்தாள். உள்ளே மறுபடியும் அதே சொல். பெர்சுவாங்கான். பெர்ஜுவாங்கான். பெர்ஜுவாஙான். பிறகு ஒரு பெருமூச்சு, அப்புறம் குழைவாக, "பெத்துல், சிக்கு?"

"சார்," என்று கிசுகிசுத்தாள், "சதி பண்றவன் ஒரே சொல்லை அஞ்சு தடவை சொல்லிட்டு, 'சரியா வாத்தியாரே'ன்னு கேப்பானா?"

கதவைத் தள்ளியவள் கமலவேணி.

சுதந்திர விழா வரவேற்புக் குழுத் தலைவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ரிசீவர், இன்னொரு கையில் காகிதம். காகிதத்தில் மலாய்ச் சொற்பொழிவு தமிழ் எழுத்தில், சிவப்பு மையில் அடிக்கோடுகளோடு. சுவரில் ஒரு சின்ன மரப்பெட்டி. அதிலிருந்த பித்தளைக் குமிழ் ஒரு பக்கமாகத் திருப்பப்பட்டிருந்தது. அப்பாசாமி அதை மறுபக்கம் திருப்பினார். கீழே கூடத்து டெலிபோன் 'டிங்' என்று ஒருமுறை முனகியது. உடனே குமிழைப் பழையபடியே திருப்பி வைத்தார்.

"செத்தவர் எழுந்துட்டார்," என்றாள் சந்திரமதி.

கணேசமூர்த்தி ரிசீவரை வைக்கக்கூடத் தோன்றாமல் மேஜைமேல் போட்டுவிட்டு எழுந்தார். முதலில் கத்தினார். கமலவேணி கண்ணை எடுக்காமல் பார்த்ததும் குரல் இறங்கியது. முப்பத்தொன்றாம் தேதிப் பேச்சு மலாயில்தான் இருக்க வேண்டும் என்று விழாக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இருபது வருஷமாக லாரிக்காரர்களை விரட்டப் போதுமாயிருந்த பாசார் மலாய், அந்தச் சந்தைப் பேச்சு, மேடைக்கு உதவாது. வாத்தியாரை வீட்டுக்கு வரவழைத்தால் ஊர் சிரிக்கும். கீழே யாராவது ரிசீவரை எடுத்துக் கேட்டுவிட்டால் மானம் போகும். அதனால் குமிழ். மனைவி புகார் செய்ததும் நாலு பேர் முன்னால் என்ன சொல்வது? எதிரிகள் வெட்டுகிறார்கள் என்றார். சொன்ன பிறகு அது அவருக்கே பிடித்துப்போயிற்று.

"சரி, ஒரு ஆள் ஜெயில்ல இருக்கானே!" என்றார் அப்பாசாமி.

"ஜெயில் இல்ல, கேம்புதானே? அஞ்சு வாரம். முப்பத்தொண்ணாம் தேதி முடியட்டும், நானே போய்ப் பேசி எடுத்துடறேன். இப்ப வெளியில சொன்னா இந்தியர் மானமே போயிடும். ஒரு லைன்மேன்... அங்கே வேளாவேளைக்குச் சோறு போடுறாங்கய்யா. நீங்க சொன்னா யாரு நம்புவாங்க? இந்தப் போனை இப்பவே பிடுங்கிக் கிணத்துல போட்டுடுவேன். கணேசமூர்த்தி சொல்லுக்கு எதிரா உங்க சொல்லா?"

 கணேசமூர்த்தி சொன்னதில் நியாயம் இல்லாவிட்டாலும் உண்மை இருந்தது.   

அப்போதுதான் மேஜைமேல் கிடந்த ரிசீவரிலிருந்து பூச்சி பறப்பதுபோல ஒரு சின்ன ஒலி கேட்டது. லைன் இன்னும் எங்கேஜ்ட். சந்திரமதி மேஜையிடம் பாய்ந்தாள்.

எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ? மாணிக்கவாசகம்? என்ன சத்தம் அங்கே?" என்று மலாயில் ஒரு முதியவரின் நிதானமான குரல் கேட்டது. "தமிழில் சண்டை போடுகிறீர்கள். எனக்குத் தமிழ் தெரியாது என்று உங்களுக்குத் தெரியுமே."

"இங்கே மாணிக்கவாசகம் யாரும் இல்லை," என்றாள் சந்திரமதி, மலாயில். "நீங்கள் யார்?"

"தம்பிராஜா. கோர்ட்டில் ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் மொழிபெயர்க்கிறவன். என் வீடு செட்டிக் கம்போங். கோர்ட்டு முடிந்த பிறகு மாணிக்கவாசகம் என்கிற பள்ளிக்கூட ஆசிரியருக்கு டெலிபோனில் மலாய் சொல்லிக்கொடுக்கிறேன். பாவம், வீட்டை விட்டு வெளியே வர முடியாத நோயாளியாம்."

கணேசமூர்த்தி ரிசீவரைப் பறிக்க வந்தார். கமலவேணி நடுவில் வந்து நின்றாள். அவ்வளவுதான், அவர் நின்றுவிட்டார்.

சந்திரமதி சொன்னாள். மாணிக்கவாசகத்தின் உண்மைப் பெயரைச் சொன்னாள். குமிழைச் சொன்னாள். மருதமுத்து, நாளைக் காலை லாரி, அஞ்சு வாரச் சோறு எல்லாவற்றையும், ஆறு வருஷம் தெளிவாகப் பேசிப் பழகிய குரலில், ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னாள்.

மறுமுனையிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"பள்ளிக்கூட மைதானத்தில் பேசிய கணேசமூர்த்தியா?"

"அவரேதான்."

"அன்றைக்கு நான் முன்வரிசையில் இருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஒருவர் அர்த்தம் சொன்னார்." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "நான் இப்போது போலீஸ் நிலையத்துக்கு நடக்கிறேன். எனக்கு மெதுவான நடை. அவர் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அது அவருடைய வாக்குமூலம். பின்னால் வந்தால் என்னுடைய சாட்சியம். என்னை அங்கே எல்லோருக்கும் இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும்."

சந்திரமதி அதைத் தமிழில் சொன்னாள். கமலவேணி ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துக் கணவரின் கையில் வைத்தாள்.

"போட்டுக்குங்க," என்றாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தம்பிராஜா இன்னும் உள்ளே போகாமல் நிலையத்து வாசலில் காத்து நின்றிருந்தார். மெல்லிய உடம்பு, வெள்ளைக் கோட்டு, நெற்றியில் விபூதி. உள்ளே பெஞ்சில் நாகம்மா. காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறாள் போலிருந்தது. மலாய் இன்ஸ்பெக்டர் எழுந்து கணேசமூர்த்திக்கு நாற்காலி போட்டார். பெரிய மனிதர், எதிரியின் பெயரைச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தார்.

கணேசமூர்த்தி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். தம்பிராஜாவைப் பார்த்து, "நீங்களே கொஞ்சம் எடுத்துச் சொல்லிடுங்க," என்று சைகையோடு கேட்டார்.

தம்பிராஜா தலையசைத்து மறுத்தார். "மூன்று வாரம் உழைத்திருக்கிறார்," என்றார் இன்ஸ்பெக்டரிடம். "அவரே பேசட்டும்."

கணேசமூர்த்தி எழுந்து நின்றார். பழக்கதோஷமோ பயமோ, மேடைக்காக உருப்போட்டதுதான் முதலில் வாயில் வந்தது. "துவான்-துவான் டான் புவான்-புவான்..." என்றார், பெரியோர்களே தாய்மார்களே என்று. இரண்டு கான்ஸ்டபிள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணேசமூர்த்தி நிறுத்தினார்.  பிறகு, லாரிக்காரர்களிடம் பேசுகிற சாதாரண மலாயில், காகிதம் இல்லாமல், சொன்னார்:

"கம்பி வெட்டல. நான்தான் மேல குமிழைத் திருப்பினேன். நான் சொன்னது பொய்."

"உச்சரிப்பு சரியாக இருக்கிறது," என்றார் தம்பிராஜா.

இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார். இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். பொய்ப் புகாருக்கு என்ன செய்வது என்று மேலிடத்தைக் கேட்க வேண்டும், அதுவரை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றார். சாவிக்கொத்தோடு ஒரு கான்ஸ்டபிள் உள்ளே போனான். அப்பாசாமி தான் குடையால் சுண்ணாம்பைச் சுரண்டிய விதத்தை இன்னொரு கான்ஸ்டபிளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அதில் காக்கையும் வந்தது. சந்திரமதியின் பெயர் மட்டும் வரவில்லை.

மருதமுத்து வெளியே வந்தான். இரண்டு நாள் தாடி, பெல்ட் இல்லாத கால்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தான். எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு நாகம்மாவின் பக்கத்தில் போய் நின்றான். அவன் முழங்கைக்கு மேல் அவள் பிடித்த பிடியில் விரல் பதிந்தது.

பிறகு அவனை விடாமலே தம்பிராஜாவின் முன்னால் போய் நின்று பேச ஆரம்பித்தாள். மூச்சுவிடாமல் பேசினாள். அவர் பிள்ளைகுட்டி நன்றாக இருக்க வேண்டும் என்றாள், அவர் கும்பிடுகிற சாமி அவருக்கு நூறு வயசு கொடுக்க வேண்டும் என்றாள். அதே மூச்சில் திரும்பி, சுவரோடு ஒட்டி நின்ற கணேசமூர்த்தியைப் பார்த்துக் கையை நீட்டி, அவர் பிறப்பு, வளர்ப்பு, மேடை, மாலை, துண்டு என்று வரிசையாக எடுத்து ஒன்றைக்கூட முழுசாக விட்டுவைக்கவில்லை.

தம்பிராஜா பொறுமையாகக் கேட்டு முடித்து, சந்திரமதியின் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்கிறார்கள்?"

சந்திரமதி முதல் பாதியை மட்டும் மலாயில் சொன்னாள். இரண்டாம் பாதி யாருக்காகச் சொல்லப்பட்டதோ, அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.